மேடையில் இடம்பெறாத சாட்சி

அறிஞர் மகாநாடு ஒன்றிற்கு அழைக்கப்பட்டு உரையாற்றுதல் எத்துறையினர்க்கும் பெருமை தருவதாகும். ஏனையோர் தத்தம் ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பி, அது ஏற்கப்படுமோ தள்ளப்படுமோ எனக் காத்திருப்பர். அழைக்கப்பட்ட பேச்சாளருக்கு அக்காத்திருப்பு இல்லை. அவர் கூறப்போவது கேட்கத்தக்கது என்பதை, அவர் வாய்திறக்கு முன்னரே மகாநாடு ஒப்புக்கொண்டுவிடுகின்றது. எனவே, மேடையேறும்போது அவர் தமது அறிவை மட்டுமன்றி, அவை அவருக்குக் கடனாகக் கொடுத்த அதிகாரத்தையும் உடன் கொண்டு செல்கின்றார். கேட்டோர் தத்தம் நாடுகளுக்குத் திரும்பி, அவர் கூறியதைச் செயலிற் காட்டவும் முற்படுவர்.

இலக்கிய மகாநாட்டில் ஒருவர் தவறான கொள்கையொன்றை நாட்டினால், அதனால் விளையும் தீங்கு பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிடும். அடுத்த இதழிலேயே மற்றொருவர் அதனை மறுத்தெழுதலாம். நரம்புச் சத்திரசிகிச்சையாளரின் மகாநாடு அத்தகையதன்று. அங்கு மேடையில் மொழியப்படும் கருத்து, நாளை ஒரு மனிதனின் மண்டையோட்டைத் திறப்பதற்கான நியாயமாக மாறுகின்றது. ஆதலால், அம்மேடையில் ஏறுபவரின் அறக்கடமை யாது, அவர் யாருக்குப் பொறுப்புடையவர் என்னும் வினா, மருத்துவர்கள் தமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டிய தொழிற்பிரச்சினை மட்டும் அன்று. அறிவு எவ்வாறு அதிகாரமாகின்றது, அவ்வதிகாரம் யார் முன்னிலையிற் கணக்குக் காட்டவேண்டும் என்ற பொதுவினாவின் ஒரு கூறாக அது அமைகின்றது. மருத்துவம் பயிலாத நாமும் அதனை ஆராய உரிமையுடையோம்.

இவ்வினா ஏனைய சத்திரசிகிச்சைகளைவிட மூளைச் சத்திரசிகிச்சையில் மிகவும் கூர்மையாக எழுவதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. காலில் நடத்தப்பட்ட சத்திரசிகிச்சை பிழைத்துப் போனால், நோயாளி, "என் கால் முன்போல் இல்லை" என்று முறையிடலாம். வலியை அவர் உணர்கின்றார். முன்னைய நிலையை நினைவிற் கொண்டுள்ளார். இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுகின்றார். மூளையிலோ, சாட்சி சொல்லவேண்டிய உறுப்பே வெட்டப்படும் உறுப்பாகும். இழந்ததை அறிவதற்கு வேண்டிய நினைவும், இழந்ததற்காக வருந்துவதற்கு வேண்டிய உணர்வும் இழப்போடு சேர்ந்தே போய்விடக்கூடும். அத்தகைய நோயாளி முறையிடமாட்டார். அவரது மௌனம் திருப்தியின் அடையாளமாக எழுதப்படுதல் மிக எளிது. ஆகவே, இத்துறையில் மேடையேறுபவர் தம் சார்பில் மட்டும் பேசமுடியாது. பேசும் ஆற்றலையே இழந்திருக்கக்கூடிய ஒருவருக்காகவும் சாட்சி கூறவேண்டியவராக அவர் நிற்கின்றார்.

இக்கடமை நிறைவேற்றப்பட்டதற்கும் கைவிடப்பட்டதற்கும் இத்துறையின் வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன.

சர்வதேச நரம்பியல் மகாநாடு முதன்முதலில் 1931ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிற் கூடியது. நவீன நரம்புச் சத்திரசிகிச்சையின் தந்தை எனப் போற்றப்படும் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் அங்கு உரையாற்றினார். அவ்வாண்டு சித்திரையிலேயே, உறுதிசெய்யப்பட்ட மூளைக்கட்டிகள் 2000 என்ற எண்ணிக்கையை அவர் எட்டியிருந்தார். உலகின் எம்மருத்துவரும் அன்று எட்டாத எண்ணிக்கை அது. புகழுரை கேட்கவும் தன்புகழ் கூறவும் அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆயின், அவர் அவையின் முன் வைத்தது இறப்புக் கணக்கு. எவ்வகைக் கட்டிக்குச் செய்த சத்திரசிகிச்சையில் நூற்றுக்கு எத்தனை பேர் இறந்தனர் என்பதை வகைவகையாகப் பிரித்து அவர் எடுத்துரைத்தார். மறு ஆண்டு அது நூலாகவும் வெளிவந்தது. இறப்பு வீதம் என்னும் சொல் அந்நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றது. தம் கையில் உயிரிழந்தோரையும் உடன் அழைத்துக்கொண்டே அவர் மேடையேறினார் எனலாம். இனி வருவோர் எங்கு அஞ்சவேண்டும், எங்கு துணியலாம் என்பதை அறிவதற்கு அக்கணக்கே துணையாயிற்று.

ஆயினும் இறப்பு எண்ணத்தக்கது. மாறிப்போன மனம் எண்ணத்தக்கதன்று. குஷிங் காட்டிய நேர்மை போதாத இடமொன்றும் இருந்தது. நான்கே ஆண்டுகளில் அது வெளிப்பட்டது.

இரண்டாவது சர்வதேச நரம்பியல் மகாநாடு 1935இல் லண்டனில் நடைபெற்றது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் புல்ட்டன், கார்லைல் ஜேக்கப்சன் ஆகியோரின் ஆய்வு அங்கு எடுத்துரைக்கப்பட்டது. பெக்கி, லூசி எனப் பெயரிடப்பட்ட இரு சிம்பன்சிகளின் மூளையில், நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்பகுதியை அவர்கள் இருபுறமும் அகற்றியிருந்தனர். இரு கிண்ணங்களில் ஒன்றன்கீழ் உணவை மறைத்து, திரையிட்டு, சிறிதுநேரங் கழித்துத் தெரிவுசெய்யவிட்டால், சத்திரசிகிச்சைக்கு முன்னர் அவை சரியான கிண்ணத்தை நினைவில் வைத்திருந்தன. பின்னர் அவ்வாற்றலை இழந்தன. ஆய்வின் முதன்மையான முடிவு இவ்விழப்பே. அதனோடு வேறொன்றும் கூறப்பட்டது. முன்னர் தவறிழைக்குந்தோறும் ஆத்திரமுற்றுக் கூச்சலிட்ட பெக்கி, பின்னர் எத்துணை தவறிழைத்தாலும் கவலையற்று இருந்தது. லூசியிடம் இதற்கு மாறான போக்கே காணப்பட்டது என்பதும் ஜேக்கப்சனின் பதிவுகளில் உண்டு. ஆனால், மகாநாட்டிலிருந்து வெளியே சென்ற கதை பெக்கியின் கதையே.

போர்த்துக்கல் நாட்டின் எகாஸ் மொனிஸ் அம்மகாநாட்டிற்கு வந்திருந்தார். மூளையின் இரத்தக்குழாய்களை எக்ஸ்கதிர்ப் படத்திற் காணும் முறையை 1927இல் வகுத்துப் புகழடைந்தவர், முன்னாள் வெளிநாட்டமைச்சர், முதிர்ந்த பேராசிரியர். இத்தகைய முறையினால் மனிதரின் மனத்துயரையும் நீக்கலாகாதா என அவர் அன்று எழுந்து வினவினார் எனப் புல்ட்டன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மொனிஸோ, அவ்வெண்ணம் அதற்கு முன்பே தம்மிடம் இருந்ததாகக் கூறினார். இவ்விரு கூற்றுக்களில் எது சரியாயினும், மகாநாடு முடிந்து நான்கு மாதங்களுக்குள், 1935 கார்த்திகை 12ஆம் நாள், லிஸ்பனில் முதலாவது நோயாளியின் மண்டையோடு துளையிடப்பட்டது. மொனிஸின் கைகள் மூட்டுவாதத்தால் இயலாதிருந்தமையின், அல்மெய்டா லீமா என்னும் இளம் சத்திரசிகிச்சையாளர் அதனைச் செய்தார். அந்நோயாளி 63 வயதுப் பெண். மனநோய் விடுதியில் இருந்து கொண்டுவரப்பட்டவர். அவர் குணமடைந்தவராக எழுதப்பட்டார். மனநோய் விடுதிக்கே மீண்டும் அனுப்பப்பட்டார்.

1936இல் மொனிஸ் 20 நோயாளரின் முடிவுகளை வெளியிட்டார். 7 பேர் குணமடைந்தனர், 7 பேர் முன்னேற்றங் கண்டனர், 6 பேரிடம் மாற்றமில்லை என்பது அவரது கணக்கு. இக்கணக்கில் தீங்கு என்ற நிரல் இல்லை என்பதை நோக்குக. நோயாளர் கவனிக்கப்பட்ட காலமும் மிகக் குறுகியது. அந்நோயாளர் பலரை அனுப்பிய மனநோய் விடுதியின் தலைவர் சொப்ரல் சிட், அவர்களுடைய ஆளுமை தேய்ந்துவிட்டதைக் கண்டு, மேலும் நோயாளரை அனுப்ப மறுத்துவிட்டார். அவரது மறுப்புக்கு எம்மேடையும் பெரிதாக இடங்கொடுக்கவில்லை. நோயாளரை நாடோறும் கண்டவரின் சாட்சி பின்தள்ளப்பட்டு, சில வாரங்கள் கண்டவரின் அறிக்கை உலகெங்கும் பரவியது. லண்டனில் மொனிஸைச் சந்தித்திருந்த அமெரிக்கரான வோல்ட்டர் பிறீமன், ஜேம்ஸ் வாட்ஸ் என்பாருடன் சேர்ந்து, 1936 புரட்டாதியில் வாஷிங்டனில் அம்முறையைக் கைக்கொண்டார். லொபொட்டமி என்னும் பெயரோடு அது பரவியது.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1946இல் பிறீமன், மண்டையோட்டைத் திறவாமலே, கண்குழியின் மேற்புறமாகக் கூரிய கருவியொன்றைச் செலுத்தும் முறையைத் தொடங்கினார். சத்திரசிகிச்சைக் கூடமோ சத்திரசிகிச்சையாளரோ அதற்கு வேண்டப்படவில்லை. 1952இல் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் அரசாங்க மனநோய் விடுதிகளில் இரு வாரகாலத்தில் 200க்கும் அதிகமானோருக்கு அவர் அதனைச் செய்தார். ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் இச்சிகிச்சைக்கு உட்பட்டனர் என மதிப்பிடப்படுகின்றது. பல விடுதிகளில் அவர்களுட் பெரும்பான்மையினர் பெண்கள். வீட்டாராற் கைவிடப்பட்டோர், வறியோர், தமக்காக வழக்குரைக்க யாருமில்லாதோர் ஆகியோரே அரசாங்க விடுதிகளை நிரப்பியிருந்தனர். நோயாளரைப் பேணும் செலவு குறையும் என்பது நிர்வாகிகளுக்கு உவப்பான செய்தியாயிற்று. ஒரு சிகிச்சைமுறை யாரிடம் முதலிற் பரிசோதிக்கப்படுகின்றது என்பதை ஆராய்ந்தால், ஒரு சமுதாயத்தில் யாருடைய குரல் மலிவானது என்பது தெரிந்துவிடும்.

இந்நிலையிலேதான் 1948இல் உளச்சத்திரசிகிச்சைக்கான முதலாவது சர்வதேச மகாநாடு லிஸ்பனிற் கூடியது. மொனிஸின் நகரிலேயே, மொனிஸைப் போற்றும் வகையில் அது அமைந்தது. பல நாடுகளிலிருந்தும் வந்த மருத்துவர் பேசினர். அடுத்த ஆண்டு, 1949இல், மருத்துவத்துக்கான நோபல் பரிசின் ஒரு பாதி மொனிஸுக்கு வழங்கப்பட்டது. லண்டன் மேடையிலிருந்து லிஸ்பன் மேடைக்கும், அங்கிருந்து பரிசு மேடைக்கும் 14 ஆண்டுகளே சென்றன. பேச்சாளர் பேச்சாளரை அழைத்தனர். அழைக்கப்பட்டவர் அழைத்தவரின் கருத்தை உறுதிப்படுத்தினார். ஆயிரக்கணக்கானோரின் மூளை அம்மேடைகளிற் பொருளாயிற்று; அவர்களுட் பேச்சாளராக ஒருவரேனும் மேடைக்கு அழைக்கப்படவில்லை.

நோயாளர் மேடையேறியதே இல்லை என்றும் கூறிவிட முடியாது. ஏறினர், ஆனால் எவ்வாறு? 1961இல் சான்பிரான்சிஸ்கோ நகரின் மருத்துவ நிலையமொன்றிற் கூடிய மருத்துவர் அவையில், பிறீமன் தம்மாற் சிகிச்சையளிக்கப்பட்ட மூன்று இளைஞரை மேடையில் நிறுத்தினார். அவர்களுள் இளையவன் ஹவார்ட் டல்லி. முந்திய ஆண்டின் மார்கழியில் அவனுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது வயது 12. சிகிச்சையின் வெற்றிக்குச் சான்றாகவே அவர்கள் நிறுத்தப்பட்டனர். சிறுவனின் வயதை அறிந்ததும் அவையிலிருந்த மருத்துவர் கொதித்தெழுந்து வினாத் தொடுத்தனர். பிறீமன் சினமுற்று, தம் நோயாளர் அனுப்பிய கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகள் நிறைந்த பெட்டியொன்றை அவர்கள் முன் கவிழ்த்துக் கொட்டினார். அன்பின் அடையாளமாக வந்த அட்டைகளை அறிவியற் சான்றாக அவர் கருதினார். மேடையில் நின்ற சிறுவனோ சான்றுப்பொருளாக நின்றானேயன்றிச் சாட்சியாக நிற்கவில்லை. சாட்சிக்கும் சான்றுப்பொருளுக்கும் உள்ள வேறுபாடு இங்கு தெளிவாகின்றது. சான்றுப்பொருளைக் கொண்டுவந்தவர் அதன் பொருளைக் கூறுவார். சாட்சி தனது பொருளைத் தானே கூறுவார். அந்த டல்லி தமது கதையைத் தாமே உலகுக்குச் சொன்னது 2005இல், அமெரிக்க வானொலியொன்றில். 2007இல் நூலாகவும் எழுதினார். தன் குரலை மீட்டெடுக்க ஒரு மனிதனுக்கு 40 ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அக்குரலுக்கு இடமளித்ததும் மருத்துவ மகாநாடு அன்று.

அவ்வாறாயின் நரம்புச் சத்திரசிகிச்சையாளரின் மேடையே பொய்யானதா? அவ்வாறு கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. பிறீமன் சிறுவனை மேடையேற்றுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1955இல், சிக்காகோவிற் கூடிய அமெரிக்க நரம்பியற் சங்கத்தின் கூட்டத்திற்கு, மொன்றியலைச் சேர்ந்த வைல்டர் பென்பீல்டும் பிறெண்டா மில்னரும் ஓர் ஆய்வைக் கொண்டு சென்றனர். காக்கைவலிப்பைப் போக்கும் நோக்கோடு மூளையின் பக்கப்பகுதியிற் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட இருவர், புதியவற்றை நினைவில் இருத்தும் ஆற்றலை இழந்துவிட்டனர் என்பதே அவர்கள் கூறிய செய்தி. பென்பீல்ட் அக்காலத்தின் தலைசிறந்த சத்திரசிகிச்சையாளருள் ஒருவர். அவ்விருவரையும் பற்றி அவர் வாய்திறவாது விட்டிருந்தால் அவரது புகழுக்கு எக்குறையும் வந்திராது. அவர் வாய்திறந்தார்.

அக்கூட்டத்துக்கான ஆய்வுச் சுருக்கத்தை வாசித்த வில்லியம் ஸ்கோவில் என்னும் சத்திரசிகிச்சையாளர், தம்மிடமும் அத்தகைய நோயாளி ஒருவர் உளர் எனப் பென்பீல்டுக்குத் தொலைபேசியில் அறிவித்தார். 1953இல், வலிப்பினால் வருந்திய 27 வயது இளைஞர் ஒருவரின் மூளையிலிருந்து இருபுறமும் நினைவோடு தொடர்புடைய பகுதியை அவர் அகற்றியிருந்தார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவ்விளைஞர் அதன்பின் எந்த நாளையும் நினைவில் வைத்திருக்கவில்லை. மில்னர் அவரிடம் சென்று ஆராய்ந்தார். 1957இல் ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து கட்டுரை எழுதினர். சத்திரசிகிச்சை பரிசோதனை முறையானதே என்பதை ஒளிக்காது கூறியதோடு, இருபுறமும் அப்பகுதியை அகற்றினால் இத்தீங்கு நேரும் எனப் பிறரை எச்சரித்தனர். அந்நோயாளரின் பெயர் ஹென்றி மொலெய்சன் என்பது 2008இல் அவர் இறந்தபின்னரே உலகுக்குத் தெரிந்தது. நினைவு என்பது என்ன, அது மூளையில் எங்கு உருவாகின்றது என்பதுபற்றி இன்று பாடநூல்கள் கூறுவனவற்றிற் பெரும்பகுதி அம்மனிதரின் இழப்பிலிருந்து பெறப்பட்டதாகும்.

இங்கு ஒரு மயக்கம் நேர்ந்துவிடக்கூடாது. அறிவு பெருகியது என்பதனால் மொலெய்சனுக்கு இழைக்கப்பட்ட தீங்கு நியாயமாகிவிடாது. அவர் தமது வாழ்நாளின் எஞ்சிய 55 ஆண்டுகளையும் அக்கணத்தோடு கணமாகவே கழித்தார். அதற்கு ஈடாக எந்த நூலும் அமையாது. நாம் கூறவருவது வேறு. தீங்கு நேர்ந்தபின் இரு வழிகள் இருந்தன. ஒன்று லிஸ்பனின் வழி: தீங்குக்கு நிரலே இல்லாத அட்டவணை. மற்றது சிக்காகோவின் வழி: தீங்கையே பேச்சின் பொருளாக்குதல். முதல்வழி பல்லாயிரவரைப் பலிகொண்டது. இரண்டாம் வழி, அதே தீங்கு இன்னொருவருக்கு நேராதபடி தடுத்தது. இரு மேடைகளிலும் நின்றவர் கல்வியிலோ திறமையிலோ பெரிதும் வேறுபட்டவரல்லர். அவர்கள் எதனைப் பேசத்தக்கது எனக் கருதினர் என்பதிலேயே வேறுபட்டனர்.

இதற்கு எதிராகக் கூறப்படக்கூடிய நியாயங்களையும் நாம் நேர்மையாக நோக்கவேண்டும்.

மொனிஸின் காலத்து மனநோய் விடுதிகள் நெருக்கடி மிகுந்தவை. நோயாளர் ஆண்டுக்கணக்காக அடைபட்டுக் கிடந்தனர். குளோர்புரோமசின் என்னும் மருந்து உளமருத்துவத்தில் 1952இலேயே வந்தது. அதற்கு முன் ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பு மருத்துவரை உந்தியது. எனவே இன்றைய அறிவைக்கொண்டு அன்றையோரைத் தீர்ப்பிடலாகாது என்பர். இதில் உண்மை உண்டு. தவிப்பிற் பிறந்த துணிவை நாம் குற்றங் கூறவில்லை. ஆனால், சொப்ரல் சிட் வாழ்ந்ததும் அதே காலம், அதே நகர். இன்றைய மருந்துகளை அறியாமலே, தாம் கண்டதை அவர் கண்டவாறு கூறினார். தவறு அறியாமையில் இல்லை; அறிந்தவரை மேடைக்கு வெளியே நிறுத்தியதில் உள்ளது.

சத்திரசிகிச்சையாளருக்குத் துணிவு வேண்டும். தோல்விகளையே பேசிக்கொண்டிருந்தால் இளையோர் கை நடுங்கும். நோயாளர் நம்பிக்கை இழப்பர் என்றும் கூறப்படுகின்றது. 1931இல் இறப்புக் கணக்கை வாசித்த குஷிங்கின் மாணவரே, அடுத்த தலைமுறையில் இத்துறையைப் பல நாடுகளிலும் வளர்த்தனர். கணக்குத் தெரிந்த கை நடுங்குவதில்லை. எங்கு நிறுத்தவேண்டும் என்பது அதற்குத் தெரியும். நம்பிக்கையைப் பொறுத்தவரை, மறைத்துப் பெற்ற நம்பிக்கை மறைப்பு வெளிப்படும்வரையே நிற்கும். லொபொட்டமி என்ற சொல் இன்று பொதுமக்களிடையே அச்சத்தின் பெயராக விளங்குவதற்கு, அதன் தோல்விகள் உரிய காலத்திற் பேசப்படாமையும் ஒரு காரணமாகும்.

நோயாளி அறிவியல் கற்றவரல்லர்; தமது நிலையைப்பற்றிப் பொதுமுடிவு கூற அவருக்குத் தகுதி இல்லை என்பது இன்னுமொரு வாதம். பொதுமுடிவு கூறுமாறு யாரும் அவரைக் கேட்கவில்லை. தம் வாழ்வு எவ்வாறு மாறிற்று என்பதைக் கூறவே அவர் அழைக்கப்படவேண்டும். அவ்விடயத்தில் அவரினும் தகுதியுடையார் இலர். அவர் பேசவியலாதவராயின், அவரோடு வாழும் தாய், மனைவி, சகோதரர், அவரைப் பராமரித்த தாதி ஆகியோர் உளர். பிள்ளையின் முகத்தைத் தாய் நோக்குவதுபோல எந்தக் கருவியும் நோக்குவதில்லை.

முதலாளித்துவ நாடுகளுக்கே உரிய நோய் இது என எண்ணி அமைதியடைய முற்போக்காளர் சிலர் விரும்பலாம். சோவியத் ஒன்றியம் 1950இலேயே லொபொட்டமியைத் தடைசெய்தது என்பது உண்மை. அது பாராட்டத்தக்க முடிவு. ஆனால் அதே நாட்டிற் பின்னர் அரசியற் கருத்து வேறுபாடுடையோர் மனநோயாளர் எனப் பெயரிடப்பட்டு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர் என்பதும் உண்மை. அதுகுறித்த கண்டனங்கள் வலுத்தமையால், 1983இல் சோவியத் உளமருத்துவர் சங்கம் உலக உளமருத்துவச் சங்கத்திலிருந்து விலகியது. நமது தமிழுலகும் இவ்வினாவுக்குப் புறம்பானதன்று. கட்டுக்கடங்காத நடத்தையுடையோருக்கு, சிறுவர் உட்பட, மூளையிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைபற்றிச் சென்னை மருத்துவர் சிலர் 1970இற் சர்வதேச சஞ்சிகையொன்றில் எழுதினர். அச்சிறுவர் தம் வாயாற் கூறக்கூடிய வரலாறு எந்த மேடையிலும் ஒலிக்கவில்லை. அரசமைப்பு எதுவாயினும், மொழி எதுவாயினும், பேசப்படுவோர் பேசுவோராக மாறாத இடத்தில் இந்த ஆபத்து உண்டு.

இன்று இவையெல்லாம் பழங்கதை ஆகிவிட்டனவா? மூளையினுள் நுண்ணிய மின்வாய்களைப் பதித்துத் தூண்டும் முறை, பார்க்கின்சன் நோயாளர் பலரின் நடுக்கத்தைத் தணித்துள்ளது. அது உண்மையான பேறு. அதே முறையால் தீராத மனச்சோர்வையும் நீக்கலாமா என ஆராய, ஐக்கிய அமெரிக்காவில் 90 நோயாளரைக்கொண்டு நடத்தப்பட்ட சோதனையொன்று, எதிர்பார்த்த பயன் தெரியாமையால் இடையில் நிறுத்தப்பட்டது. அம்முடிவு 2017இல் வெளியிடப்பட்டது. தோல்வியை வெளியிட்டமை சிக்காகோ வழியின் தொடர்ச்சி எனலாம். ஆனால், சோதனை முடிந்தபின் தலையினுட் கருவியோடு வாழும் மனிதரை யார் பராமரிப்பது, மின்கலம் தீர்ந்தால் யார் செலவேற்பது என்ற வினாக்களை அம்மனிதரே எழுப்பவேண்டியுள்ளது. மகாநாட்டு மேடைகளில் புதிய கருவிக்குக் கிடைக்கும் நேரம் இவ்வினாக்களுக்கும் கிடைக்கவேண்டும்.

மேடைக்கு வெளியே நிற்போர் வேறு ஒரு கூட்டத்தாரும் உளர். வறிய, நடுத்தர வருமான நாடுகளில் ஆண்டுதோறும் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, தேவையான நரம்புச் சத்திரசிகிச்சை கிடைப்பதில்லை என்றும், அக்குறையைத் தீர்க்க மேலும் 23,000 சத்திரசிகிச்சையாளர் வேண்டும் என்றும் 2018இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. வீதி விபத்தில் தலையில் அடிபட்டு, உரிய நேரத்தில் சத்திரசிகிச்சைக்கூடத்தை எட்டாமல் இறப்பவர் இவர்களுள் அடங்குவர். லண்டன், லிஸ்பன் மேடைகளில் இடம்பெறாதவர், சிகிச்சை செய்யப்பட்டதனால் வருந்தியவர். இவர்களோ சிகிச்சை செய்யப்படாமையால் மடிபவர். இருசாராரும் மௌனமாக இருப்பதனாலேயே மேடையின் பார்வைக்குத் தப்பிவிடுகின்றனர். இவர்களைப்பற்றிப் பேச, வசதியற்ற மருத்துவமனையிற் கடமையாற்றும் மருத்துவர் ஒருவர் அழைக்கப்படும்போதுதான் அம்மகாநாடு உலக மகாநாடு என்ற பெயருக்கு உரியதாகும்.

இக்காலப் பேச்சாளர் உரையைத் தொடங்குமுன், எந்நிறுவனத்திடம் எப்பணம் பெற்றார் என்பதைத் திரையிற் காட்டும் வழக்கம் பல நாடுகளில் ஏற்பட்டுள்ளது. மருந்து, கருவி நிறுவனங்கள் மருத்துவர்க்கு வழங்கும் பணத்தைப் பகிரங்கப்படுத்தவேண்டுமென ஐக்கிய அமெரிக்காவில் 2010இற் சட்டமும் இயற்றப்பட்டது. நல்ல வழக்கம். ஆனால், பணக்கடன் மட்டுமே கடன் அன்று. "நான் இன்று கூறப்போகும் அறிவு இத்தனை பேரின் உடலிலிருந்து பெறப்பட்டது, இவர்களுள் இத்தனை பேர் நலமடைந்தனர், இத்தனை பேர் நலிவுற்றனர், இத்தனை பேரின் பின்வாழ்வை நாம் தேடிப்பார்க்கவே இல்லை" என்னும் கணக்கும் அத்திரையில் இடம்பெறவேண்டும். மூன்றாவது தொகையே மிக முதன்மையானது. ஏனெனில் முதலிரண்டும் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை அதுவே கூறும்.

ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நமக்கு இவ்வினா அந்நியமானதன்று. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் சித்தியடைந்தோர் தொகை வாசிக்கப்படுகின்றது. இடைநடுவிற் பாடசாலையை விட்டு நீங்கிய பிள்ளைகளின் தொகை வாசிக்கப்படுவதில்லை. அவர்கள் மண்டபத்தில் இல்லை. ஆகவே அவர்களைப்பற்றிப் பேசாதிருத்தல் எவர் முகத்தையும் சுழிக்கச்செய்வதில்லை. தன்னால் நலம்பெற்றோரை மட்டும் எண்ணும் எந்த அறிவும், தான் செய்வது இன்னதென்று முழுமையாக அறிந்ததாகாது. மருத்துவத்துக்கு உண்மையானது கல்விக்கும் உண்மையாகும்.

எனவே, ஒரு மகாநாட்டின் தரத்தை, அங்கு அழைக்கப்பட்டோரின் பட்டங்களையும் பதவிகளையும் கொண்டு அளத்தல் போதாது. தோல்வியைக் கூறவந்தவருக்கு எவ்வளவு நேரம் வழங்கப்பட்டது, மறுத்தவர் எங்கு அமர்த்தப்பட்டார், யாருடைய உடல் பேசப்பட்டதோ அவர் பேச இடமிருந்ததா என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பியே அதனை அளக்கவேண்டும். மருத்துவராகப்போகும் மாணவர் இவற்றைத் தம் ஆசிரியரிடம் துணிந்து கேட்கட்டும். மருத்துவராகாத நாம், நமது உறவினரின் தலைமாட்டில் நிற்கும்போது, "இதனாற் பயனடையாதவர் எத்தனை பேர்? அவர்கள் இப்போது எவ்வாறு இருக்கின்றனர்?" என்று பணிவோடும் உறுதியோடும் கேட்போம். அவ்வினாவை அவமதிப்பாகக் கொள்ளாது விடைகூறும் மருத்துவரே, எந்த மேடைக்கும் அழைக்கப்படத் தக்கவர்.